யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது: ஒரு வாக்குமூலமும் மூன்று இலக்கங்களும்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சியிலுள்ள ஒரு சிறிய அமைப்பின் அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று நாட்கள் வேலை செய்துகொண்டிருந்தேன். வலிந்து காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் பதிவதுதான் வேலை. அலுவலகத்தில் இருந்தது ஒரேயொரு மேசைக் கணினி. விண்டோஸ் வாங்கப் பணமில்லாததால் அதில் உபுண்டு 18.04 போட்டிருந்தார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பயனர் கணக்குகள், ஐந்து கடவுச்சொற்கள். என் கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரியும். அது போதுமென்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், பற்றுச்சீட்டுகளைப் பதிகின்ற தம்பி தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்: "அக்கா, உங்கட போல்டருக்க ஒரு அம்மான்ர பேர் கிடக்கு. அவா எங்கட ஒழுங்கையிலதான் இருக்கிறவா."

அவன் எதையும் உடைத்துத் திறக்கவில்லை. தன்னுடைய கணக்கில் நுழைந்து, ஏதோவொரு பற்றுச்சீட்டின் ஸ்கான் பிரதியைத் தேடிப்போனபோது என் பெயரிலிருந்த கோப்புறையைச் சொடுக்கியிருக்கிறான். அது திறந்துவிட்டது. ஒலிப்பதிவுகளுக்கு நான் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் உள்ளே வரிசையாக இருந்திருக்கின்றன. கேட்கவில்லை என்றான். நான் நம்பினேன். ஆனால், இப்படியான விடயத்தை ஒருவரின் நல்ல குணத்தில் விட்டுவைக்க முடியாது.

ஏனென்றால், அந்த அம்மா 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனைப் படையினரிடம் கையளித்தவர். அன்று தன் மகனைக் காட்டிக்கொடுத்தார் என்று அவர் நினைக்கும் ஒருவரின் பெயரும் அந்தப் பதிவில் இருந்தது. அந்த மனிதர் இன்றும் அதே ஊரில் இருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்னர் அவர் பதிவை நிறுத்தச் சொன்னார். பிறகு யோசித்துவிட்டு, "போடு பிள்ளை" என்றார். முடிவில் ஒரு நிபந்தனை வைத்தார்: "இது உன்னோட இருக்கட்டும். உங்கட பொறுப்பாளர் அம்மாவும் கேக்கலாம், அவவை எனக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் போகக்கூடாது."

ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றவள் நான். தகவல் மூலத்தைப் பாதுகாப்பது பற்றி அங்கே நிறையப் படித்தோம். ஒரு கோப்பை யார் திறக்கலாம் என்பதைக் கணினி எப்படித் தீர்மானிக்கிறது என்பதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அன்று பின்னேரம் தொடங்கி இரண்டு வாரங்களாக, பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். இதை வாசிப்பவர்களில் பலரிடம் இப்படியான பதிவுகள் இருக்கும்: மரண அத்தாட்சிப் பத்திரங்களின் ஸ்கான்கள், முகாம் அட்டைகள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகள். வீட்டிலோ சங்கத்திலோ பலர் பாவிக்கும் கணினியில் அவற்றை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடவுச்சொல் இருந்தும் ஏன் திறந்தது?

லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வீட்டுக் கோப்புறை இருக்கும். கடவுச்சொல் நீங்கள் அந்தக் கணக்குக்குள் நுழைவதற்கு மட்டுமானது. வேறொருவர் தன் கடவுச்சொல்லோடு தன் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து உங்கள் வீட்டுக் கோப்புறையை எட்டிப்பார்த்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கடவுச்சொல் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்புறையின் அணுகல் உரிமை. உபுண்டுவின் பழைய பதிப்புகளில் வீட்டுக் கோப்புறைகள் எல்லோரும் வாசிக்கக்கூடியவையாகவே உருவாக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பிலிருந்துதான் புதிய கணக்குகளுக்கு அதை மூடிவைத்தார்கள். பழைய கணினியைப் பிறகு புதிய பதிப்புக்கு மேம்படுத்தினாலும், ஏற்கெனவே இருந்த கணக்குகள் முன்போலத் திறந்தபடிதான் இருக்கும். ஆகவே, உங்கள் சங்கத்திலுள்ள பழைய கணினியை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பார்ப்பதற்கு டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறக்கவேண்டும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அங்கே தட்டச்சு செய்யும் கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கும். இங்கே அவற்றைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். நீங்கள் அந்தந்த எழுத்துக்குரிய ஆங்கில விசையைத் தட்டினால் சரி. முதற் கட்டளை இது:

எல்எஸ் -எல் /ஹோம்

எல், எஸ், ஓர் இடைவெளி, கழித்தற்குறி, எல், இன்னோர் இடைவெளி, சாய்கோடு, பிறகு வீடு என்பதற்கான நான்கெழுத்து ஆங்கிலச் சொல். என் கணினியில் என் பெயருக்கு முன்னால் இப்படி ஒரு வரி வந்தது:

டி ஆர்டபிள்யூஎக்ஸ் ஆர்-எக்ஸ் ஆர்-எக்ஸ்

திரையில் இவை இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கும். முதலெழுத்து 'டி' என்றால் அது கோப்புறை. கோப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். மீதி ஒன்பது எழுத்துகளையும் மூன்று மூன்றாகப் பிரித்து வாசிக்கவேண்டும். முதல் மூன்றும் உரிமையாளருக்கு, அடுத்த மூன்றும் குழுவுக்கு, கடைசி மூன்றும் ஏனைய எல்லோருக்கும். 'ஆர்' வாசிக்கும் உரிமை, 'டபிள்யூ' எழுதும் உரிமை, 'எக்ஸ்' இயக்கும் உரிமை. கோடு இருந்தால் அந்த உரிமை இல்லை.

என் வரியின் கடைசி மூன்றில் 'ஆர்' இருந்தது, 'எக்ஸ்' இருந்தது. அதாவது, அந்தக் கணினியில் கணக்கு வைத்திருந்த எவரும் என் கோப்புறைக்குள் வரலாம், பார்க்கலாம். தம்பி செய்தது அவ்வளவுதான்.

கோப்புறையைப் பொறுத்தவரை 'எக்ஸ்' என்பது ஆரம்பத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கோப்புறையை எப்படி 'இயக்குவது'? ஊரில் ஒரு வளவை நினைத்துக்கொண்டபோதுதான் விளங்கியது. வேலிக்கு மேலால் பார்த்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்ல முடிவது 'ஆர்'. படலையைத் திறந்து உள்ளே போய் ஒருவரோடு கதைக்க முடிவது 'எக்ஸ்'. ஆட்களைப் புதிதாகக் கொண்டுவரவும் வெளியேற்றவும் முடிவது 'டபிள்யூ'. படலை பூட்டியிருந்தால், உள்ளேயிருக்கும் வீட்டின் கதவு திறந்து கிடந்தாலும் வெளியாள் போக முடியாது.

இந்த ஏற்பாடு புதியதல்ல. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய யுனிக்ஸின் முதற் கையேட்டிலேயே, 1971இல், உரிமையை மாற்றும் கட்டளை இருக்கிறது. குழு என்ற நடு அடுக்கு பின்னர் சேர்ந்தது. அந்தக் காலத்தில் கணினி ஒன்றுதான், பாவிப்பவர்களோ பலர். பக்கத்து மேசைக்காரர் என் கோப்பைத் தெரியாமல் அழித்துவிடக்கூடாது, ஒளித்துப் பார்க்கக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. கணினியையே ஒருவர் தூக்கிக்கொண்டு போவார் என்ற கவலைக்காக உருவானதல்ல இது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மூன்று இலக்கங்கள்

உரிமையை மாற்றும் கட்டளை சி, எச், எம், ஓ, டி என்ற ஐந்து எழுத்துகள். கணினிக்காரர்கள் 'சீமொட்' என்பார்கள், நானும் இனி அப்படியே எழுதுகிறேன். அதற்குப் பின்னால் மூன்று இலக்கங்கள் வரும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ளவேண்டும். எல்லாமும் வேண்டுமென்றால் 7. வாசிக்கவும் எழுதவும் 6. வாசிக்கவும் உள்ளே போகவும் 5. ஒன்றும் கிடையாது என்றால் 0. முதலிலக்கம் உரிமையாளருக்கு, நடுவிலக்கம் குழுவுக்கு, கடைசி இலக்கம் ஏனையோருக்கு.

அப்படிப் பார்த்தால் என் வீட்டுக் கோப்புறை 755ஆக இருந்தது. நான் அன்று பின்னேரம் முதலில் தட்டியது இதைத்தான்:

சீமொட் 700 ~

கடைசியிலுள்ள அலைக்குறி 'என் வீட்டுக் கோப்புறை' என்று பொருள்படும். ஒரே வரி. திரையில் வெற்றிச் செய்தியெதுவும் வராது, அடுத்த கட்டளைக்காகப் பேசாமல் காத்திருக்கும். எனக்கு அந்த மௌனம் முதலில் சந்தேகமாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, அவனுடைய கணக்கிலிருந்து என் கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. இந்தச் சோதனையை எப்போதும் செய்யுங்கள், அதுவும் மற்றவரின் கணக்கிலிருந்தே செய்யுங்கள். உங்கள் கணக்கிலிருந்து பார்த்தால் எல்லாம் எப்போதும் திறந்தபடிதான் தெரியும்.

அத்தோடு நின்றிருந்தால் நல்லது. நான் இன்னும் இறுக்கமாகப் பூட்ட நினைத்தேன். உள்ளே 'வாக்குமூலம்' என்ற கோப்புறை இருந்தது (தமிழில் பெயர் வைப்பதில் லினக்ஸுக்குப் பிரச்சினையில்லை). ஒலிக்கோப்பை எவரும் 'இயக்க'ப் போவதில்லை, எனக்கு வாசிக்கவும் எழுதவும் மட்டும் போதும், ஆகவே 600 என்று முடிவுசெய்தேன். பெரிய 'ஆர்' சேர்த்தால் கட்டளை உள்ளேயுள்ள எல்லாவற்றுக்கும் போகும் என்று வாசித்திருந்தேன். சீமொட் -ஆர் 600 வாக்குமூலம் என்று தட்டினேன்.

திரை முழுக்கப் பிழைச்செய்திகள். உள்ளே என்ன இருக்கிறதென்று பட்டியலிட்டுப் பார்த்தேன். கோப்புகளின் பெயர்கள் வந்தன. உரிமை, அளவு, திகதி என்று மற்ற இடங்கள் எல்லாவற்றிலும் கேள்விக்குறிகள். ஒரு கோப்பையும் திறக்க முடியவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள். அவற்றில் சிலவற்றைத் தந்தவர்கள் அதற்குள் இறந்துவிட்டார்கள். கை நடுங்க, கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்யும் நண்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒண்டும் போகேல்ல. படலையைப் பூட்டிட்டு நீயே வெளியில நிக்கிறாய்," என்றாள். (படலைக் கதை அவளுடையதுதான்.) 600 என்பது கோப்புக்குச் சரி, கோப்புறைக்குச் சரிவராது. கோப்புறைக்கு 'எக்ஸ்' கட்டாயம் வேண்டும். நான் அதை எடுத்துவிட்டதால், கட்டளை வெளிக் கோப்புறையை மாற்றியவுடன் அதற்குள்ளேயே போக முடியாமல் நின்றுவிட்டது. வேலிக்கு மேலால் பெயர்கள் தெரிந்தன, உள்ளே போக வழியில்லை. அவள் சொன்ன திருத்தம் இது:

சீமொட் -ஆர் யு=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜிஓ= வாக்குமூலம்

இதில் கழித்தற்குறிக்குப் பின்னாலுள்ள 'ஆர்', சமன்பாட்டுக் குறிக்குப் பின்னாலுள்ள 'எக்ஸ்' ஆகிய இரண்டும் மட்டும் பெரிய ஆங்கில எழுத்துகள். 'யு' உரிமையாளர், 'ஜி' குழு, 'ஓ' ஏனையோர். சமன்பாட்டுக்குறிக்குப் பின்னால் ஒன்றுமில்லையென்றால் உரிமை ஒன்றுமில்லை. பெரிய 'எக்ஸ்' கோப்புறைகளுக்கு உள்ளே போகும் உரிமையைக் கொடுக்கும், சாதாரண ஒலிக்கோப்புகளையும் ஆவணங்களையும் இயங்கும் கோப்புகளாக மாற்றாது. கோப்புறை, கோப்பு இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் மூடுவதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பாதுகாப்பான வரி இதுதான். இலக்கங்களையும் பெரிய 'ஆர்'-ஐயும் ஒன்றாகப் பாவிக்க முன்னர் இரண்டு தடவை யோசியுங்கள்.

அந்த அம்மா சொன்ன நிபந்தனை

இப்போது கோப்புகள் எனக்கு மட்டும்தான். ஆனால், அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. நானும் பொறுப்பாளரும் என்றார். அவர் சொன்னதை இலக்கத்தில் எழுதினால் 640: நான் வாசிக்கலாம், எழுதலாம், பொறுப்பாளர் கேட்கலாம், மாற்ற முடியாது, வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எழுத்தறிவு அதிகமில்லாத அந்த அம்மா மூன்று அடுக்கையும் ஒரே மூச்சில் சரியாகப் பிரித்துச் சொல்லியிருந்தார். நாங்கள்தான் அதைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டிருந்தோம்.

குழு உருவாக்குவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. பொறுப்பாளரிடம் ஒன்று. கணினியைப் பூட்டித்தந்த கடையில் வேலை செய்த ஒருவரிடமும் அதே கடவுச்சொல். "ஏதும் பிரச்சினையெண்டா அவர் வந்து பாப்பார்தானே" என்றார்கள். நிர்வாகிக்கு இந்த மூன்று இலக்கங்களும் பொருட்டல்ல. 700 என்றாலும் 600 என்றாலும் 000 என்றாலும் அவர் திறக்கலாம். அன்றே அதை மாற்றினோம். உங்கள் கணினியிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

பிறகு நானும் பொறுப்பாளரும் மட்டும் உள்ள ஒரு குழுவை உருவாக்கி, 'வாக்குமூலம்' கோப்புறையை என் வீட்டுக் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியிடத்தில் வைத்து, அதைக் குழுவின் பெயருக்கு மாற்றினோம். கோப்புறைக்கு 750, கோப்புகளுக்கு 640. என் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், வெளிப்படலை பூட்டியிருப்பதால் பொறுப்பாளராலும் உள்ளே வர முடியாது.

ஒருவர் மட்டும் எழுதி மற்றவர் வாசிப்பதென்றால் இது போதும். பலர் சேர்ந்து ஒரே கோப்புறைக்குள் எழுதுவதென்றால் கொஞ்சம் சிக்கல். கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோப்பை 'வாசிக்க மட்டும்' என்று வைத்திருந்தாலும், கோப்புறையில் எழுதும் உரிமையுள்ளவர் அந்தக் கோப்பை அப்படியே நீக்கிவிடலாம். பொதுக் கோப்புறைக்கு 3770 என்று நான்கு இலக்கம் போடுவது அதற்காகத்தான். முன்னாலுள்ள 3 என்பது 2உம் 1உம். அந்த 2, உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகளைக் குழுவின் பெயரில் வைக்கும். அந்த 1, ஒருவருடைய கோப்பை குழுவின் மற்ற உறுப்பினர்கள் அழிக்காமல் தடுக்கும். கோப்புறையின் உரிமையாளரும் நிர்வாகியும் இதற்கு விதிவிலக்கு.

புதிய கோப்புகள் பிறக்கும்போதே மூடியிருக்கவேண்டுமென்றால் 'யுமாஸ்க்' என்ற கட்டளை இருக்கிறது. யுமாஸ்க் 077 என்றால் புதிய கோப்புகள் உங்களுக்கு மட்டும், 007 என்றால் குழுவுக்கும். ஆனால், எல்லாச் செயலிகளும் அதை மதித்து நடப்பதில்லை. ஆகவே, நான் அதைவிடக் கோப்புறையின் படலையைத்தான் நம்புகிறேன்.

777 என்ற வியாதி

அதே கணினியில் இன்னொரு கோப்புறையும் இருந்தது, ஸ்கானருடையது. அதன் உரிமை 777. எப்போதோ ஸ்கானர் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சொல்லியிருக்கிறது, யாரோ இணையத்தில் தேடி 777 போட்டுப் பிரச்சினையைத் 'தீர்த்து' வைத்திருக்கிறார்கள். 777 என்றால் எவரும் வாசிக்கலாம், எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம். இந்த மூன்று இலக்கங்களை மருந்தாகச் சொல்பவர்கள் இணையத்தில் ஏராளம். நினைவேந்தலுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இணையத்தளம் நடத்துபவர்களுக்கும் அதே ஆலோசனைதான் கிடைக்கிறது. படம் ஏறவில்லையா, 777 போடுங்கள். உண்மையில் பெரும்பாலும் அங்கே பிழையாக இருப்பது உரிமையாளரின் பெயர், இலக்கமல்ல. உரிமையாளரைச் சரியாக மாற்றினால் 755உம் 644உம் போதும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் எழுதியிருக்கும் கோப்பு 640ஐத் தாண்டவே கூடாது.

எங்களுடைய ஸ்கானர் கோப்புறையில் இருந்தவை குடும்பங்கள் 2009இலிருந்து பொத்திவைத்திருந்த கடிதங்கள். வாசிக்கப்பட்டுவிடும் என்பதைவிட, மாற்றப்பட்டுவிடும் என்பது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒரு திகதி மாறினால், ஒரு பக்கம் காணாமற்போனால், நாளைக்கு ஒரு விசாரணையில் அந்தக் குடும்பத்தின் சொல் பொய்யாகிவிடும். உரிமையை மூடுவது இனிமேல் நடக்கவிருப்பதைத் தடுக்கும், ஏற்கெனவே நடந்ததைச் சொல்லாது. அதனால், ஒவ்வொரு ஸ்கானையும் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நான்கு நாட்கள் போயின. நல்லவேளை, எதுவும் மாறியிருக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு கோப்புக்கும் 'எஸ்எச்ஏ256சம்' என்ற கட்டளையால் ஒரு கைரேகை போன்ற எண்ணெழுத்துத் தொடரை எடுத்து, அச்சிட்டு, அலுமாரியில் வைத்தோம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தத் தொடர் மாறிவிடும்.

படலை எதைத் தடுக்காது

இதுவரை சொன்ன எல்லாமும் அந்தக் கணினியின் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். உரிமைகளைக் காவல் காப்பது இயங்குதளம்தான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தினால், அல்லது ஒரு பென் ட்ரைவிலிருந்து வேறொரு உபுண்டுவை ஓடவிட்டால், அங்கே அவர்தான் நிர்வாகி. 600 அவருக்கு வெறும் இலக்கம். வடக்கிலும் கிழக்கிலும் இது கற்பனைப் பயமல்ல. புலனாய்வாளர்கள் அலுவலகங்களுக்கு வந்து விசாரிப்பதும், தொலைபேசியையும் கணினியையும் கேட்பதும் எங்களில் பலருக்குத் தெரிந்த விடயம். அந்த நிலைமைக்கு வேண்டியது மறைகுறியாக்கம். உபுண்டுவைப் புதிதாக நிறுவும்போது முழு டிஸ்கையும் மறைகுறியாக்கம் செய்யும் தெரிவு இருக்கும். பிற்பாடு செய்வது கரைச்சல். நிறுவும்போதே செய்யுங்கள், கணினியை வைத்துவிட்டுப் போகும்போது உறக்கநிலையில் விடாமல் முழுமையாக நிறுத்துங்கள். கடவுச்சொல்லை மறந்தால் கோப்புகள் போனது போனதுதான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி, தொலைபேசியில் தங்கிய மூலப்பதிவு, மின்னஞ்சலில் போனது, இவற்றுக்கும் சீமொட் எட்டாது. என்னுடைய தொலைபேசியில் அந்த அம்மாவின் பதிவு மூன்று மாதங்களாக அப்படியே கிடந்தது. கோப்புகளுக்கு ஆட்களின் பெயரை வைத்தது என்னுடைய இன்னொரு பிழை. இப்போது எண்கள் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது ஒரு கொப்பியில் இருக்கிறது. கொப்பி வேறிடத்தில் இருக்கிறது.

மக் கணினி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன சீமொட் கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். விண்டோஸில் ஏற்பாடு வேறு. அங்கே 'ஐகேக்கிள்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது, ஆனால் கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்புப் பகுதியைப் பார்ப்பதே பலருக்கு இலகு.

எல்லாம் முடிந்தபின் அந்த அம்மாவிடம் போனேன். நடந்ததை மறைக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. யாரோ ஒருவர் கோப்பின் பெயரைப் பார்த்துவிட்டார், கேட்கவில்லை என்கிறார், இப்போது பூட்டிவிட்டோம் என்று சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார்.

"இப்ப திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"என்னட்டயும் பொறுப்பாளரிட்டயும் மட்டும், அம்மா."

"எனக்கு ஏதும் நடந்தா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டம் தொடங்கிய காலத்தில் அவரோடு இருந்த சிலர் இப்போது இல்லை. பூட்டுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான், யாருக்குத் திறந்துவிடவேண்டும் என்று அவரிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. "என்ர மகளுக்கும் ஒண்டு குடு பிள்ளை. அவளுக்குத் தமையன்ர முகமே வடிவா ஞாபகமில்லை," என்றார்.

மகளுக்கு எங்கள் கணினியில் கணக்கு இல்லை. பென் ட்ரைவில்தான் கொடுக்கவேண்டும். கடைகளில் வாங்கும் பென் ட்ரைவ்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஏற்றபடி வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்த வடிவமைப்பில் உரிமையாளர், குழு, ஏனையோர் என்ற பதிவுகளுக்கே இடமில்லை. அங்கே சீமொட் கொடுத்தால் பிழை காட்டலாம், காட்டாமலும் விடலாம், 600 மட்டும் ஒட்டாது. ஆகவே, வெராக்கிரிப்ட் என்ற இலவசச் செயலியால் பென் ட்ரைவுக்குள் மறைகுறியாக்கம் செய்த ஒரு பெட்டியை உருவாக்கி, பதிவை அதற்குள் போட்டேன். கடவுச்சொல்லை மகளையே தட்டச் சொன்னேன். எனக்கு அது தெரியாது.

அந்தப் பென் ட்ரைவ் இப்போது அவர்களுடைய வீட்டில் இருக்கிறது. அலுவலகக் கணினியிலுள்ள பிரதி, கடைசியாகப் பார்த்தபோது, 640.